படம் நிறையாத மதியங்கள்

டிவியில் அந்தப் படம் வராமலே போயிருந்தாலும் என் மகள் பேசியிருப்பாளா? அவளுக்கு இப்போது ஐந்து வயது முடியப்போகிறது. பல் தேய்க்கும்போதுகூட வாயில் நுரையோடு ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு தோசை வார்க்கும்போது இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. பதில் தெரிந்து இனிமேல் என்ன ஆகப்போகிறது என்பார் என் கணவர். போன மாதம் வரை எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

புனேயில் ஹடப்சர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு மூன்று மாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். என் கணவருக்குப் பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. நான் திருச்சியில் இயற்பியல் படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்தபோது என்னிடம் இருந்தது பரீட்சைக்குப் படித்த இந்தி. மராத்தியில் காய்கறிகளின் பெயர்கள் மட்டும் சீக்கிரம் பிடிபட்டன.

மகள் நேரத்துக்குக் குப்புறக் கவிழ்ந்தாள், நேரத்துக்கு நடந்தாள். பேச்சுதான் வரவில்லை. இரண்டு வயது தாண்டியும் ஒரு சொல் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடத்தின் முன்னால் நிறுத்துவாள். படிக்கட்டில் விளையாடும் அவள் வயதுப் பிள்ளைகள் சண்டை போடும் அளவுக்குப் பேசினார்கள். நான் குடத்தைச் சாய்த்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கண்டோன்மென்ட் பக்கம் ஒரு குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் அவளுக்குப் பின்னால் நின்று மெதுவாகக் கரண்டியைத் தட்டினார். திரும்பினாள். காகிதத்தைக் கசக்கினார். அதற்கும் திரும்பினாள். காது நன்றாக இருக்கிறது என்றார். வீட்டில் என்ன பாஷை என்று கேட்டார். வீட்டில் தமிழ், படிக்கட்டில் மராத்தி, காய்கறிக்காரரிடம் இந்தி, என் கணவர் பழக்கதோஷத்தில் பேசும் ஆங்கிலம் என்று நான் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நாளைக்கு ஏதாவது ஒரே பாஷையாக வைத்துக்கொள்ளுங்கள், எது என்பது உங்கள் இஷ்டம் என்றார்.

ஸ்கூட்டரில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டோம். இவர் தலையை லேசாகத் திருப்பி, "இங்கிலீஷே வச்சுக்கலாம். நாளைக்கு ஸ்கூலுக்கும் அதுதான் வேணும்" என்றார். நானும் சரி என்றேன். கல்லூரியில் முழுக்க ஆங்கிலத்தில்தானே படித்தேன், இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

கஷ்டம் மதியத்தில் தெரிந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் ஆய்வுக்கூடப் பதிவேட்டில் எழுதுகிற ஆங்கிலம். "ஒரே ஒரு வாய் வாங்கிக்கோடி என் தங்கம், காக்காய்க்குக் குடுத்துடுவேன் பாத்துக்கோ" என்பதற்கு அதில் இடமில்லை. ஈட் என்றேன். கம் என்றேன். அடுப்பருகே வந்தால் ஹாட் என்றேன். பிறகு சொல்வதற்கு எதுவும் இருக்காது. டாக்டர் சொன்னதைச் செய்துவிட வேண்டும் என்பதில் நான் அவ்வளவு கண்டிப்பாக இருந்தேன். ஒருநாள் கட்டில் காலில் கால்விரலை இடித்துக்கொண்டேன். வாய்வரை வந்த "அம்மா"வைக்கூட விழுங்கிவிட்டு நின்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் வளைகுடாவில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார் விடுமுறையில் வந்தபோது ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். பெரிய டிபன் டப்பா அளவுக்குக் கறுப்புப் பெட்டி, அழிரப்பர் மாதிரி மெத்தென்ற விசைகள். டிவியோடு இணைத்தால் திரையில் எழுத்து வரும். ஒரு புரோகிராமைப் போட வேண்டுமென்றால் டேப் ரிக்கார்டரில் கேசட்டை ஓடவிட்டு, அதன் சத்தத்தை ஒயர் வழியாகப் பெட்டிக்குக் கொடுக்க வேண்டும். என் கணவர் ஆபீஸ் வேலைக்கு உதவும் என்று நாலைந்து நாள் ஆர்வமாக உட்கார்ந்தார். அவருக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. பேட்டை முழுவதற்கும் அன்றுதான் விடுமுறை, அன்றுதான் எங்கள் பக்கம் கரண்டும் இருக்காது. பெட்டி என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. பகலில் டிவியில் நிகழ்ச்சி எதுவும் கிடையாது என்பதால் டிவியும் என்னுடையதுதான்.

கூட வந்த புத்தகத்தைப் பார்த்துக் கோடு போட, வட்டம் போடக் கற்றுக்கொண்டேன். ஒருநாள் கேசட்டை ஓடவிட்டபோது மகள் விளையாட்டை விட்டுவிட்டு டிவி முன்னால் வந்து நின்றாள். கேசட்டின் கீச்சுச் சத்தத்துக்கு ஏற்றபடி திரையின் ஓரத்தில் பட்டைகள் நெளியும். சத்தம் மாறினால் பட்டை மாறும். அவள் அதன்மேல் கையை வைத்து வைத்துப் பார்த்தாள்.

கேசட்டின் சத்தத்துக்குப் பட்டை வருமென்றால் எங்கள் சத்தத்துக்கு ஏன் வரக்கூடாது என்று தோன்றியது. ரிக்கார்டரில் காலிக் கேசட் ஒன்றைப் போட்டுப் பதிவு செய்யும் விசையையும் நிறுத்திவைக்கும் விசையையும் சேர்த்து அழுத்தினேன். நாடா ஓடாது, ஆனால் மைக் விழித்திருக்கும். அதன் இயர்போன் ஒயரைப் பெட்டியில் செருகினேன். கை தட்டினேன். ஓரத்தில் ஒரு பட்டை துடித்தது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் போல அவள் தூங்கும் நேரமெல்லாம் அதிலேயே போனது. அந்தப் பெட்டிக்குச் சத்தம் இருக்கிறது, இல்லை என்ற இரண்டு மட்டும்தான் தெரியும். கண் இமைக்கும் நேரத்துக்குள் எத்தனை தடவை "இருக்கிறது" என்கிறது என்று எண்ணச்சொல்லி, சத்தம் பெரியதா சிறியதா என்று பிரித்தேன். பெரிய சத்தத்துக்குப் பெரிய வட்டம், சின்னதுக்குச் சின்னது. நீளமாக வந்தால் அழுகை, அதற்கு வட்டத்துக்குள் வட்டம். விட்டு விட்டு வந்தால் சிரிப்பு, அதற்குத் திரை முழுக்கச் சிதறும் புள்ளிகள். யாரும் எதுவும் பேசாமல் இருந்தால் படம் ஒரு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இருண்டுகொண்டே வரும். ஒரு விசையின்மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். அதை அழுத்தினால் எல்லாம் அழிந்து புதிதாகத் தொடங்கும். அந்த வேலையை மகள் எடுத்துக்கொண்டாள்.

நினைத்தபடியெல்லாம் வரவில்லை. குக்கர் விசிலும் அழுகையும் பெட்டிக்கு ஒன்றாகவே தெரிந்தன. தெருவில் ஆட்டோ ஹாரன் அடித்தால் வீட்டில் யாரோ சிரித்த மாதிரி புள்ளிகள் விழும். பழைய சாமான் வாங்குகிறவர் "பங்கார்" என்று இழுத்துக் கூவிக்கொண்டு போனால் மிக அழகான படம் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் எழுதி வண்ணம் கொடுத்திருந்தேன். எங்களுடையது கறுப்பு வெள்ளை டிவி என்பதால் மஞ்சளும் நீலமும் வெவ்வேறு சாம்பலாகத்தான் தெரிந்தன. அவள் சத்தம் கொடுப்பாள், கொடுத்தால் பெரிதாக வட்டம் வருவதைப் பார்த்து மறுபடி கொடுப்பாள் என்பது என் கணக்கு. ஆனால் அவள் பார்த்தாளே ஒழிய வாய் திறக்கவில்லை.

கீழ் வீட்டில் ஒரு மராத்தி அம்மா இருக்கிறார். கட்டடத்தில் எல்லாரும் அவரைக் காகு என்றுதான் கூப்பிடுவார்கள், நம் ஊரில் சித்தி என்கிற மாதிரி. ஒரு மதியம் தயிருக்கு உறை வாங்க வந்தவர் டிவியைப் பார்த்து நின்றுவிட்டார். என்ன ஏது என்று கேட்டார், சொன்னேன். உடனே உட்கார்ந்து பெட்டியிடம் பேசத் தொடங்கினார். தன் மருமகளைப் பற்றி, தண்ணீர் வராததைப் பற்றி, மாடி வீட்டுக்காரர் துணி பிழியாமல் காயப்போடுவதைப் பற்றி. எனக்காகப் பாதி இந்தி, தனக்காகப் பாதி மராத்தி. கொஞ்ச நேரத்தில் திரை நிரம்பி வழிந்தது. மகள் பொட்டு விசையை அழுத்தினாள். மறுபடி நிரம்பியது. அவள் சத்தமில்லாமல் உடம்பு குலுங்கச் சிரித்தாள். அப்புறம் காகு என்னைப் பேசச் சொன்னார். நான் அவளைப் பார்த்து, லுக், லுக் என்றேன். இரண்டு சின்ன வட்டம் விழுந்தது. பிறகு எனக்கு எதுவும் வரவில்லை. படம் ஓரத்திலிருந்து இருளத் தொடங்கியது.

காகு இந்தியில் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "ஏம்மா, நாள் பூரா இந்தப் பொண்ணு பாக்கிறது இந்தப் படத்தைத்தானா? இதுல என்ன இருக்கு? ஒண்ணுமே இல்லையே. அவ யார்கிட்ட கத்துக்குவா, உன் குக்கர்கிட்டயா?"

சொல்லிவிட்டு உறையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கோபமாகத்தான் இருந்தது. டாக்டர் சொன்னதைச் செய்கிறேன், இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். ஆனால் அவர் போன பிறகும் திரையில் இருட்டுதான் இருந்தது. அதை வரையச் சொல்லி எழுதியது நானேதான்.

அன்று சாயங்காலம் இவரிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் மதியம், புரோகிராம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தமிழில் பேசினேன். முதலில் கூச்சமாக இருந்தது. வெண்டைக்காயை எப்படி வதக்கினால் பிசுபிசுக்காது என்று சொன்னேன். பிறகு குழாயைத் திட்டினேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. கல்லூரி விடுதியில் எலி வந்த கதை, எனக்கு ஸ்கூட்டரில் உட்காரப் பயம் என்பது, காகு பேசியதில் எனக்கு வந்த கோபம் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். மகள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். இடையில் மூச்சு வாங்க நிறுத்தினேன். அவள் ரிக்கார்டரை இரண்டு கையாலும் தூக்கி, ஒயர் இழுபட இழுபட, என் வாயருகே கொண்டுவந்து வைத்தாள்.

அன்றிலிருந்து பகலில் தமிழ், சாயங்காலம் ஆங்கிலம். இவருக்குத் தெரியாமல் செய்தது மனதை உறுத்தியது. டாக்டர் சொன்னதற்கு மாறாக நடந்து குழந்தையை இன்னும் குழப்புகிறேனோ என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன். ஆனால் மதியம் வந்ததும் அவளே ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வருவாள். சில நாளில் அவளும் "ஆ" என்றாள், "ஊ" என்றாள். சொல் என்று எதுவும் இல்லை.

அந்த வருடம் கணபதி உற்சவம் வந்தது. இங்கே ஒவ்வொரு குடியிருப்பிலும் பந்தல் போட்டு, பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு காட்சி வைப்பார்கள். தேகாவா என்பார்கள். அடுத்த கட்டடத்தில் தெர்மகோலில் கோட்டை கட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் எங்கள் கட்டடக் கமிட்டிக்காரர்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காகு போய் என் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டார். இரண்டு பேர் வந்து, எலெக்ட்ரானிக் தேகாவா வைக்கலாம், நீங்கள்தான் செய்துதர வேண்டும் என்றார்கள். இவர்தான் சரி என்றார். இரண்டாம் மாடி வீட்டார் தங்கள் கலர் டிவியைக் கொடுத்தார்கள்.

பந்தலில் மாலை வெயில் சாயும் நேரத்தில்தான் என் படத்தை முதன்முதலாக வண்ணத்தில் பார்த்தேன். எண்களாக மட்டும் தெரிந்திருந்த மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. சிரிப்புக்கு நான் வைத்த பச்சை கொஞ்சம் அதிகமோ என்று தோன்றியது, அழுகைக்கு நீலம் சரியாக இருந்தது. கட்டடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து மைக்கில் தங்கள் பெயரைச் சொல்லிவிட்டு, தங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். ஒரே பெயருள்ள இரண்டு பெண்கள் தங்களுக்கு ஏன் ஒரே படம் வரவில்லை என்று என்னோடு வாதாடினார்கள். என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். அந்தப் படம் முழுதாக ஓடி அவர் பார்த்தது அன்றுதான்.

ஆரத்தி தொடங்கியதும் எல்லாம் கெட்டது. ஜால்ராவும் டோலக்கும் ஒலிபெருக்கியும் கூட்டத்தின் குரலும் சேர்ந்தபோது பெட்டிக்கு இல்லை என்று சொல்லவே நேரமில்லை. வட்டத்தின்மேல் வட்டம் விழுந்து திரை ஒரே வெள்ளையாகிவிட்டது. அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பொட்டு விசையை அழுத்தப் போகலாமென்றால் நடுவில் அத்தனை பேர். கமிட்டிக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டி என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வியர்த்துப்போய் நின்றேன்.

அப்போது அவள் தன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, வாயை என் காதோடு வைத்து, "அம்மா, வேணாம்" என்றாள்.

தெளிவாகச் சொன்னாள். வேறு யாருக்கும் கேட்டிருக்க வழியில்லை. பெட்டிக்கும் கேட்டிருக்காது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். என்னவோ ஏதோ என்று இவரும் பின்னால் வந்தார்.

"ஏங்க, பேசிட்டா. வேணாம்னு சொன்னா" என்றேன்.

"நெஜமாவா? நீ சரியாக் கேட்டியா?"

"என் காதுல சொன்னா."

அவள் பக்கம் குனிந்தார். பிறகு, "தமிழ்லயா சொன்னா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பகலில் நடந்ததையெல்லாம் அங்கேயே, சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்றபடி சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. மகளின் கையைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "என்னடா வேணாம்? அப்பாகிட்டயும் சொல்லு" என்றார். தமிழில்தான் கேட்டார். அவள் சொல்லவில்லை. அன்றைக்கு முழுவதும் வேறு எதுவும் சொல்லவில்லை. நான் கேட்டது பிரமையோ என்று பயந்துகொண்டே கிடந்தேன். அடுத்த நாள் குளிப்பாட்டும்போது தலையில் தண்ணீர் ஊற்றியதும் மறுபடி வேணாம் என்றாள். கொஞ்ச நாளைக்கு எல்லாமே வேணாம்தான். பிறகு "தா" வந்தது, "வா" வந்தது. தீபாவளிக்குள் இரண்டு சொல்லைச் சேர்த்தாள். மராத்தி காகு வீட்டில் வந்தது, ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் வந்தது. நாங்கள் எதையும் பிரித்து வைக்கவில்லை.

மருத்துவரிடம் சொன்னபோது, சில பிள்ளைகள் தாமதமாகப் பேசுவது சகஜம், இவள் எப்படியும் பேசியிருப்பாள் என்றார். காகு கேட்டால் எல்லாம் பெட்டியின் வேலை என்பார். என் கணவர், நீ பேசினாய், அவள் பேசினாள், இதில் பெட்டி எங்கே வந்தது என்கிறார். மூன்றும் சரியாகத்தான் தெரிகின்றன. ஒரு கெடுதல் மட்டும் பெட்டியால் வந்தது என்று நிச்சயமாகச் சொல்வேன். பெரிய சத்தத்துக்குப் பெரிய வட்டம் என்று நான் எழுதியதால் அவள் எதையும் கத்தித்தான் சொல்வாள். டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். மெதுவாகப் பேசினால் பெரிய பூ வருகிற மாதிரி புரோகிராமை மாற்றி எழுதினேன். இப்போது பரவாயில்லை.

போன மாதம் பின் கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாக்பூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிடச் சின்னவர். மகளுக்கு மூன்று வயது, பேச்சில்லை. காகு சொன்னாராம், மதராசிப் பெண் டிவியை வைத்தே பிள்ளையைப் பேசவைத்துவிட்டாள், டாக்டரிடமெல்லாம் போக வேண்டாம் என்று. அந்தப் படத்தைத் தினமும் கொஞ்ச நேரம் என் பெண்ணுக்கும் காட்டுங்கள் அக்கா என்று இந்தியில் கேட்டார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சமையலறையில் குக்கர் விசிலடித்தது. நானும் அவரும் என் மகளும் திரும்பினோம். அந்தக் குழந்தை திரும்பவில்லை. கையிலிருந்த பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தது. விளையாட்டு மும்முரம்தானோ என்று நானும் நினைத்துப் பார்த்தேன். அடுத்த விசிலுக்கும் திரும்பவில்லை.

முதலில் காதைக் காட்டிவிடுங்கள், அப்புறம் படத்தைப் பார்க்கலாம் என்றேன். இந்தியில் எனக்கு மெதுவாகச் சொல்லத் தெரியவில்லை, வெடுக்கென்று வந்துவிட்டது. அவர் முகம் மாறிவிட்டது. "வேணாம்னா வேணாம்னே சொல்லுங்க. எம் பொண்ணு செவிடுன்னு ஏன் சொல்றீங்க?" என்ற மாதிரி கேட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு தடவை அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. காகுவை அனுப்பலாமென்றால், அவர் போய் மறுபடியும் பெட்டியின் பெருமையைத்தான் பேசுவார். இவர், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாய், விடு என்கிறார். விட முடியவில்லை. எனக்கு ஓடிப்போன நாட்களைப் போல அந்தக் குழந்தைக்கும் நாட்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பெட்டியை நானே எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டு டிவியில் மாட்டி, படத்தைக் காட்டி, பழகிய பிறகு டாக்டர் பேச்சை எடுக்கலாமா? காது கேட்காத குழந்தையாகவே இருந்தாலும் சத்தத்தைக் கண்ணால் பார்க்குமே என்று ஒரு மனம் சொல்கிறது. படம் கிடைத்துவிட்டால் அதிலேயே திருப்தியாகி டாக்டரிடம் போகாமலே இருந்துவிடுவாரோ என்று இன்னொரு மனம் சொல்கிறது. இதைப் படிப்பவர்களில் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்பதை ஒரு காலத்தில் யாராவது வந்து சொல்லக் கேட்டவர்கள் இருப்பீர்கள். அவர்கள் எப்படிச் சொன்னபோது உங்களால் தாங்க முடிந்தது? நான் அந்த வீட்டுக்குப் பெட்டியோடு போகட்டுமா, வெறுங்கையோடு போகட்டுமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.